மினுக்கியின் மேய்ச்சல் உரிமை

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் குடும்பம் ஓர் ஆயுதப் போராட்டம் நடத்தியது. ஆயுதம் ஒன்றே ஒன்றுதான். அதுவும் துடைப்பத் தடியில் கட்டியிருந்தது.

அப்போது நாங்கள் லண்டனில், மனோர் பார்க்கில் குடியிருந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மாமா, அம்மாவின் ஒரே தம்பி, எங்கள் சின்ன அறையில் தங்கியிருந்தார். விசா கேஸ் முடியாததால் அவர் வேலைக்குப் போக முடியாது. சும்மா இருக்கவோ அவருக்குத் தெரியாது. ஒருநாள் யாரோ ஒரு பண்ணைக்காரரைப் பிடித்து, ஒரு பெட்டை ஆட்டோடு வந்து இறங்கினார். அப்பா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. நான் அதற்கு மினுக்கி என்று பெயர் வைத்தேன்.

தெருமுனையில் பெரிய பொதுப் புல்வெளி இருந்தது. அந்தக் காலத்தில் இந்த ஊரார் அங்கே மாடு மேய்த்தார்கள், அது அவர்களின் உரிமை என்று பக்கத்து வீட்டு ஆங்கிலக் கிழவர் மாமாவிடம் சொல்லிவைத்தார். போதாதா? மறுநாளே மாமா மினுக்கியை ஓட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். கிழவருக்கு அந்தப் பெயர் வாயில் வராது. 'மேடம்' என்றுதான் கூப்பிடுவார்.

புல்லை மட்டும் தின்றால் ஆடு தேறாது, இலைகுழையும் வேண்டும் என்பது மாமாவின் கட்சி. அதனால் தடி நுனியில் அரிவாளைக் கட்டி, கிளையை வளைத்து இலை அறுக்க ஒரு கொக்கத்தடி செய்துகொண்டார். அதைத் தோளில் சாத்திக்கொண்டு லண்டன் தெருவில் நடப்பார்.

"தம்பி, அந்தக் கத்தியை வச்சிட்டுப் போ. பொலிஸ் கண்டால் உன்ர கேஸ் என்னாகும்?" என்று அம்மா தினமும் வாசலில் நின்று கெஞ்சுவார்.

"இது கத்தியில்லை அக்கா, கொக்கத்தடி."

ஒருநாள் கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது. யாரோ முறைப்பாடு செய்திருந்தார்கள். பொது நிலத்தில் ஆடு மேய்க்கக் கூடாது, சனிக்கிழமை அதிகாரி வந்து ஆட்டைப் பார்ப்பார் என்று இருந்தது. நான் அழுதேன். மாமா போராட்டம் அறிவித்தார்.

சனிக்கிழமை மாமா கொக்கத்தடியுடன் புல்வெளி நடுவே நின்றார். கிழவர் மடக்குக் கதிரை கொண்டுவந்து உட்கார்ந்தார். 'ஆட்டுக்கும் பசிக்கும்' என்று எழுதிய அட்டையை நான் பிடித்திருந்தேன். அப்பா சற்றுத் தள்ளி, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல நின்றார். அங்கே பஸ் வருவதில்லை. அம்மா ஒரு தட்டு நிறைய ரோல்ஸ் பொரித்து வந்தார்.

நாயோடு நடந்த யாரோ அரிவாளைக் கண்டு போன் செய்திருக்க வேண்டும். அதிகாரிக்கு முன்பே இரண்டு பொலிஸ்காரர்கள் வந்துவிட்டார்கள். தடியைக் கீழே போடச் சொன்னார்கள். மாமாவுக்குப் பயத்தில் இங்கிலீஷ் விளங்கவில்லை, தடியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். அம்மா தட்டை என் கையில் திணித்துவிட்டு நடுவே போய் நின்று, தடியைப் பிடுங்கிப் புல்லில் போட்டு, அதன்மேல் ஏறி நின்றுகொண்டார். இது என்னுடையது, இலை வெட்ட நான்தான் கொடுத்தனுப்பினேன் என்றார். அம்மா பொய் சொல்லி அன்றுதான் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்து மினுக்கி என் அட்டையைத் தின்னத் தொடங்கியது. முதலில் சிரித்தது பொலிஸ்காரர்தான். அரிவாளை அவிழ்த்து எடுத்துக்கொண்டு, அம்மாவின் பெயரை எழுதி, எச்சரித்துவிட்டுப் போனார்கள்.

பிறகு வந்த அதிகாரி குனிந்து ஆட்டைத் தடவி, "நீதானே மினுக்கி?" என்று இங்கிலீஷில் கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சிறுவர் பண்ணை ஒன்றில் அதை விடலாம், ஞாயிறுதோறும் போய்ப் பார்க்கலாம் என்றார். எங்கள் ஆட்டைக் கவுன்சிலே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது என்று திங்கட்கிழமை பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். வீட்டுக்கு வெளியே யார் வாயிலும் வராத பெயர் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று யோசிக்கவில்லை. அந்த முறைப்பாட்டைச் செய்தது யார் என்பது, மாமாவுக்கு விசா கிடைத்து வெகுகாலம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் மாமா சாப்பாட்டு மேசையில் குமுறிக்கொண்டிருந்தார்.

"காட்டிக்குடுத்தது ஆரெண்டு கண்டுபிடிக்காமல் விடமாட்டன், அக்கா."

"ஆரோ சொல்லிப்போட்டினம். விடு தம்பி, சாப்பிடு" என்று அவர் முகத்தைப் பார்க்காமலே சொல்லி, தட்டில் மிஞ்சியிருந்த ஒரே ரோலை அம்மா அவருக்கு வைத்தார். அது எனக்கு வரவேண்டியது. ஒரு வாரம் அம்மாவோடு கோபமாக இருந்தேன்.