அப்பொலோனியாவின் பல்

ராகுசா நகரில் யாகூஷாவுக்கு வேண்டியவர்கள் குறைவு. அதற்காக அவள் வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை. உப்புப் படகோட்டி ஒருவனுக்கு வாழ்க்கைப்பட்டுப் பதினோரு வருடம் குடும்பம் நடத்தினாள். அத்தனை வருடத்தில் புருஷனோடு பேசியதைவிடக் கொழுந்தன் பாஸ்கோயெயோடு சண்டை போட்டதுதான் அதிகம். ஸ்தோன் துறைக்குப் பக்கத்தில் படகு கவிழ்ந்து புருஷன் போய்ச் சேர்ந்தபோது, துக்கத்துக்கு வந்தவர்கள் கிளம்பும் முன்பே இருவரும் சீதனத்தைப் பற்றி ஆரம்பித்துவிட்டார்கள்.

சீதனத்தில் முக்கியமானது ஒரு தங்கப் பதக்கம். தட்டாரான அவள் அப்பா செய்தது. கட்டைவிரல் அகலம், விளிம்பில் ஆறு முத்து, நடுவில் சின்னக் கண்ணாடி. கண்ணாடிக்குள்ளே, பல் வலிக்காரர்கள் வேண்டிக்கொள்ளும் புனித அப்பொலோனியாவின் பல். தெருவில் யாருக்குப் பல் வலித்தாலும் அவளிடம்தான் வர வேண்டும். அந்தப் பதக்கத்தைக் கன்னத்தில் வைத்து அழுத்தினால் வலி போகும். அவளைக் கண்டாலே ஆகாதவர்களும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவள் வாசலில் நின்றார்கள். அதில் அவள் அடைந்த சுகம் பக்தியில் சேராது. ஆனால் அது போனால் அவளுக்கு வேறு எதுவும் இல்லை.

பிள்ளையில்லாத விதவை பிறந்த வீட்டுக்குத் திரும்பினால் கொண்டுவந்த தங்கத்தை நிறுத்துத் திருப்பித் தர வேண்டும். துக்கத்தன்று அவள் கழுத்திலிருந்து கழற்றி வீட்டுப் பெட்டியில் பூட்டி வைத்திருந்த பதக்கத்தைப் பாஸ்கோயெ பத்திர எழுத்தர் முன்னால் தராசில் வைத்து, குன்றிமணி பிசகாமல் கொடுத்தான். யாகூஷா வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பின்மூடியில் ஆயரின் அரக்கு முத்திரை உடைந்திருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

"பல்லு எங்கடா?"

"எந்தப் பல்லு அண்ணி? சீதனப் பத்திரத்துல தங்கம்னு இருக்கு, முத்துன்னு இருக்கு. பல்லுன்னு ஒரு எழுத்து இருந்தா காட்டுங்க."

இல்லைதான். புனிதரை விலை பேசுவது பாவம் என்று அவள் அப்பா பல்லைப் பத்திரத்தில் சேர்க்கவில்லை. அந்த மனிதரின் பக்தி மகளின் தலையில் வந்து விடிந்தது.

எழுத்தர் கையை விரித்தார். "பல்லுக்கு விலை போட்டா நான் நரகத்துக்குப் போவேன். விலை போடலைன்னா வழக்கே கிடையாது. வீட்டுக்குப் போம்மா."

பாஸ்கோயெ பல்லை வைத்துக்கொண்டதற்குக் காரணம் எளிமையானது: அவனுக்கும் கடைவாய்ப் பல் வலி. பதினோரு வருடத்தில் ஒரு முறைகூட அவள் பதக்கத்தை அவன் கன்னத்தில் வைத்ததில்லை, அவனும் கேட்டதில்லை. இப்போது பல் கைக்கு வந்ததும், தெருக்காரர்களுக்கும் அவனே வைத்தியம் பார்க்கத் தொடங்கினான்.

யாகூஷாவிடம் ஒன்று மிச்சமிருந்தது. அது அப்பொலோனியாவின் பல்தான் என்று ஆயர் முத்திரையிட்டுக் கொடுத்த காகிதம். பெரிய நீரூற்றில் குடத்தை வைத்துவிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"காகிதம் இல்லாத பல்லு வெறும் பல்லு. அவன் வெச்சிருக்கிறது நாய்ப்பல்லா இருந்தாலும் யாருக்குத் தெரியும்?"

அந்த வாரமே கூட்டம் அவளிடம் திரும்பியது. காகிதத்தை மடித்துப் பதக்கத்தோடு சேர்த்துக் கன்னத்தில் அழுத்தினாள். சிலருக்கு வலி போனது, சிலருக்குப் போகவில்லை. பல் இருந்த காலத்திலும் கணக்கு அப்படித்தான்.

பாஸ்கோயெ நீரூற்றுக்கே வந்துவிட்டான். "காகிதத்த வெச்சு வலி போக்குறாளாம். நாளைக்கு ரொட்டின்னு எழுதி சாப்பிடச் சொல்லுவா."

"உன் வலி போச்சான்னு முதல்ல சொல்லு. மூஞ்சி ஒரு பக்கம் சுரைக்காய் காய்ச்ச மாதிரி இருக்கு."

பெண்கள் சிரித்தார்கள். மூன்று வாரமாகப் புனிதையின் பல்லைக் கன்னத்தில் கட்டிக்கொண்டு தூங்கியவன், மறுநாள் நாவிதனிடம் போய்த் தன் பல்லைப் பிடுங்கிக்கொண்டான்.

பிறகு தவக்காலம் வந்தது. ஆயரின் முத்திரையை உடைத்ததைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னான். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காமல் மன்னிப்பு கிடையாது என்று சாமியார் சொல்லிவிட்டார். உயிர்ப்புத் திருநாளுக்கு முந்தைய புதன்கிழமை, ஒரு துணி முடிச்சை அவள் முன்னால் வைத்தான்.

"இந்தாங்க அண்ணி. உங்க பல்லு."

பழுப்பேறிய கடைவாய்ப் பல். ஒரு வேர் முறிந்திருந்தது. அவள் பல்லைப் பார்த்தாள், பிறகு அவன் வாயைப் பார்த்தாள்.

"இது யாரோட பல்லு?"

"பதினோரு வருஷம் கழுத்துல தொங்கவிட்டிருந்தீங்க. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. வந்து நின்றவர்களின் முகத்தைத்தான் அவள் பார்த்திருந்தாள். கண்ணாடிக்குள்ளே உற்றுப் பார்த்ததே இல்லை. காகிதத்தில் "ஒரு பல்" என்று மட்டும் இருந்தது. நாவிதனிடம் ஓடினாள்.

"பிடுங்கின பல்லா? அவரே கேட்டு வாங்கிட்டுப் போனாரே. எதுக்குன்னு கேட்டேன். ஞாபகத்துக்குன்னாரு."

இது அப்பொலோனியாவின் பல் இல்லை என்று சொன்னால், அசல் பல் எப்படி இருக்கும் என்று தெரு கேட்கும். தன் புனிதையையே அடையாளம் தெரியாதவளின் வாசலுக்கு யார் வருவார்கள்? அந்தப் பல்லையே பதக்கத்துக்குள் வைத்து, காகிதத்தைக் காட்டி ஆயர் மாளிகையில் மறுபடி முத்திரை வாங்கிப் பதக்கத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். கூட்டம் வந்தது, முன்பு போலவே சிலருக்குச் சுகமும் ஆனது. இனி வாழ்நாளில் தனக்குப் பல் வலி வராது என்று பாஸ்கோயெ பீற்றிக்கொண்டான், வரவும் இல்லை. அது யாருடைய அருள் என்று அவன் சொல்லவில்லை.

யாகூஷா இன்னும் இருபத்து மூன்று வருடம் இருந்தாள். தினமும் காலையில் பதக்கத்தைக் கையில் ஏந்தி இரண்டு பாகமாக ஜெபித்தாள்:

"தாயே அப்பொலோனியா, உள்ள இருக்கிறது நீயா இருந்தா, இந்தத் தெருவைக் காப்பாத்து. பாஸ்கோயெ, நீயா இருந்தா, நாசமாப் போ."

இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, சிலுவை அடையாளம் வரைந்துகொண்டு கதவைத் திறப்பாள்.