எது கத்துது?

என் வீட்டுக்காரரால் ஓரிடத்தில் சும்மா உட்கார முடியாது. சாப்பிடும்போது தட்டில் தாளம், பேசும்போது தொடையில் தாளம், தூக்கத்தில்கூடக் கால் ஆடும். கார்களுக்கு ஸ்பீக்கர் மாட்டுகிற தொழில். கடைத்தெருவில் அவருக்குப் பெயரே 'தாளம்'தான். இருபத்திரண்டு வருஷமாக அந்தத் தாளத்தோடு குப்பை கொட்டுகிறேன். அன்று காலை இருப்புக் கொள்ளாமல் அவர் எங்கள் வேனையே சுற்றிச் சுற்றி வந்தார்.

விஷயம் இதுதான். டாக்சி ஓட்டும் தம்பி ஒருவர், ரேடியோ மாற்றச் சொல்லிக் காரைக் கடையில் விட்டுப் போயிருந்தார். அந்தக் காரின் சீட்டுக்கு அடியில், கனத்த சத்தம் தருகிற சப்வூஃபர் ஸ்பீக்கருக்கான ஆம்ப் ஒன்று உண்டு. ஸ்பீக்கரை அதிரவைக்கிற பெட்டி. அது அன்று காலை எங்கள் கடையிலேயே புகைந்து போனது. புகைவதற்கு முன்னால் இரண்டு நாள் கீச்சென்று கத்திக்கொண்டே இருந்தது. கடைக்குப் பின்னால்தான் எங்கள் வீடு. சமையலறையில் இருந்த எனக்கே கேட்டது. பக்கத்தில் நின்று வேலை செய்கிறவருக்குக் கேட்காதா என்று நானும் சும்மா இருந்துவிட்டேன்.

"ரெண்டு நாளா அந்தக் கத்து கத்துச்சே, ஆஃப் பண்ணியிருக்கக் கூடாதா?" என்றேன், புகையை விசிறிக்கொண்டே.

"எது கத்துச்சு?" என்றார்.

அவர் முகம் போன போக்கில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நாள் முழுக்க அந்த அதிர்வில் நின்று நின்று, கீச்சென்ற மெல்லிய சத்தம் எதுவுமே அவர் காதுக்கு எட்டாமல் போயிருக்கிறது. கனத்த சத்தத்தை உள்ளங்கையை வைத்துப் பார்த்தே சமாளித்திருக்கிறார். எத்தனை நாளாக மறைத்தாரோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

"வெளிய தெரிஞ்சா கடையை இழுத்து மூட வேண்டியதுதான். காது கேக்காதவன்கிட்ட எவன் ஸ்பீக்கர் மாட்ட வருவான்?" என்றார்.

டாக்சித் தம்பி மாலை ஐந்து மணிக்கு வருவார். அந்த அளவுப் பெட்டி இப்போது புதிதாக வருவதில்லை. வேறு அளவு சீட்டுக்கு அடியில் நுழையாது. ஊரின் மறு கோடியில் பழைய கார் சாமான் விற்கும் ஒருவரிடம் ஒன்று இருப்பதாக மதியத்துக்கு மேல்தான் தகவல் வந்தது. கேட்டு வாங்க ஒரு காது வேண்டுமே, அதற்குத்தான் என்னையும் வேனில் ஏற்றினார்.

"பெட்டி கத்தினா, தாகமா இருக்குன்னு சொல்லு. எனக்குப் புரிஞ்சிடும்."

"சொல்றேன். நாளைக்கு காது டாக்டர்கிட்ட வர்றீங்களா?"

"அதெல்லாம் வேணாம்."

"அப்போ நானும் வாயைத் திறக்க மாட்டேன், போங்க."

வழி நெடுக ஸ்டீரிங்கில் தாளம் போட்டுக்கொண்டே வந்தார். சிக்னலில் முன்னால் நின்ற பஸ்ஸைத் திட்டினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கும் கோபம் மூக்குக்கு மேல் வரும்.

விற்கிறவர் எங்களைவிடப் பத்து வயது மூத்தவர். வீட்டை ஒட்டிய கொட்டகையில் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார். ஒன்றை எடுத்து பேட்டரியில் இணைத்து, ஸ்பீக்கரோடு கோத்துப் பாட்டைப் போட்டார். தரை குலுங்கியது. இவர் ஸ்பீக்கரில் கையை வைத்துப் பார்த்துத் தலையாட்டினார்.

"அஞ்சு நிமிஷம் பாத்தாப் போதுமே, தம்பி?"

"இல்லண்ணே. சூடானாதான் இதோட குணம் தெரியும். இருபது நிமிஷம் ஓடட்டும்."

இருபது நிமிஷம் சும்மா நிற்பதா, இவரா? கொட்டகைக் கதவைத் திறந்தார், மூடினார். பெட்டியைத் தொட்டுச் சூடு பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், நொடிக்கொரு தரம் என்னைப் பார்த்தார். மணி மூன்றைத் தாண்டிவிட்டது.

பன்னிரண்டாவது நிமிஷம் பெட்டிக்குள்ளிருந்து அந்தச் சத்தம் கிளம்பியது. அதே கீச். காதுக்குள் ஊசியை விட்டுக் குடைவது மாதிரி. இவர் என்னைப் பார்த்தார். தாகமா இருக்கு என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"பாத்தீங்களா, கொஞ்சமாவது இரைச்சல் இருக்கா?" என்றார் விற்கிறவர் சிரித்துக்கொண்டே.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பட்டப்பகலில் இப்படி ஒரு பொய்யா!

"என்னண்ணே அநியாயம்! அது தொண்டை கிழியக் கத்துது, நீங்க இரைச்சலே இல்லங்கிறீங்க?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். இவர் வெளிறிப்போனார். ஆனால் விற்கிறவர் கோபப்படவில்லை. பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எது கத்துது?" என்றார்.

அதே வார்த்தை. அதே முகம்.

வீட்டுப் பக்கத்துக் கதவில் அவர் மனைவி வந்து நின்றார். "ஒரு வாரமா நானும் தலைதலையா அடிச்சுக்கிறேன், அந்தப் பெட்டி கத்துதுன்னு. காதுலயே போட்டுக்க மாட்டேங்கிறாரு, தங்கச்சி."

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரரின் கால் ஆடவில்லை, நான் கவனித்தேன்.

"எனக்கும் கேக்கலண்ணே," என்றார் இவர். "அதான் இவளைக் கூட்டிட்டு வந்தேன்."

பெரியவர் கையைத் துடைத்துக்கொண்டு போய், தன் காரிலிருந்தே இன்னொரு பெட்டியைக் கழற்றி வந்தார். அதே அளவு. அந்த அக்காவும் நானும் இரண்டு பக்கமும் முக்காலி போட்டு உட்கார்ந்தோம். இருபது நிமிஷம் ஓடியது. ஒரு கீச் இல்லை. "எடுத்துட்டுப் போங்க," என்றார் அக்கா, கணவரைக் கேட்காமலே.

டாக்சித் தம்பி வந்தபோது கடைசித் திருகாணியை முறுக்கிக்கொண்டிருந்தோம். இவர் எழுந்து நின்று சொன்னார்.

"உன் பெட்டி என்னாலதான் எரிஞ்சுது, தம்பி. அது கத்தினது எனக்குக் கேக்கல. இது பழசு, இவ கேட்டுப் பாத்து வாங்கினது."

தம்பி சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தார். பிறகு காரில் ஏறிப் பாட்டைப் போட்டு, ஜன்னல் வழியே என் பக்கம் எட்டிப் பார்த்தார். "நல்லாருக்காக்கா?"

"நல்லாருக்கு," என்றேன். கிளம்பிப் போனார். மறுபடி வருவாரா, தெருவில் சொல்வாரா, தெரியாது.

இவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒயர்களைச் சுருட்டினார். "என்னங்க, சாப்பிட வாங்க," என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி அவர் திரும்பாமல் இருந்ததற்காக எத்தனை நாள் பேசாமல் இருந்திருக்கிறேன், எத்தனை பாத்திரத்தை நங்கென்று வைத்திருக்கிறேன்! அதில் பாதி அவர் திமிராகத்தான் இருக்கும், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். மீதிப் பாதி அவருக்குக் கேட்டே இருக்காது. கிட்டே போய்த் தோளைத் தொட்டேன்.