நான் நீக்கிய இரண்டு வாக்கியங்கள்

கடந்த ஆண்டு மாரி மழைக்குச் சற்று முன், கல்முனையிலிருந்து அரை மணி நேர பஸ் தூரத்தில் உள்ள எங்கள் ஊர் வாசிகசாலையில் இது தொடங்கியது. நான் தமிழ் இலக்கியம் பயிலும் மாணவி என்பதால், அங்கு அறிக்கையோ அழைப்பிதழோ எதை எழுதுவதானாலும் என்னிடமே வரும்.

வாசிகசாலைக் கணினிகளில் இருப்பது இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளம். வெளிநாட்டில் வாழும் ஊரவர் ஒருவர் புதிய பிரிண்டர் ஒன்றை அன்பளிப்புச் செய்தார். கணினி அதை இனங்காணவே இல்லை. கணினி சொல்வதைப் பிரிண்டருக்குப் புரியவைக்கும் மென்பொருளை டிரைவர் என்பார்கள். அந்தப் பிரிண்டருக்கு லினக்ஸில் இயங்கும் டிரைவரை எவரும் எழுதியிருக்கவில்லை. ஒரு மாதம் அது பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

அதை எழுத முன்வந்தவர் என் பெரியம்மாவின் மகள். கணினி படித்தவர், இரண்டு பிள்ளைகள் பிறந்தபின் வீட்டோடு இருந்தார். அக்கா முறை என்பதால் நான் ராத்தா என்றே அழைப்பேன். அதற்கான டிரைவர் உள்ள வேறொரு கணினி அந்தப் பிரிண்டருக்கு அனுப்பும் தரவுகளைப் பதிவுசெய்தார். ஒரு புள்ளி அச்சிட்டால் என்ன மாறுகிறது, ஒரு கோடு அச்சிட்டால் என்ன மாறுகிறது என்று ஒப்பிட்டு ஒப்பிட்டே அதன் மொழியைக் கண்டறிந்தார். முதலில் வெற்றுத்தாள்கள் வந்தன. பின்பு எழுத்துகள் சரிந்து வந்தன. தாள்களை அடிமட்டம் வைத்து அளந்து பார்ப்பது என் வேலை.

"வலப்பக்க ஓரம் இன்னும் வெட்டுப்படுது ராத்தா."

"உன்ட கண்ணுக்கு என்னத்தக் காட்டினாலும் குத்தம்தான் கா," என்று சிரிப்பார். மறுநாள் திருத்தி எடுத்துவருவார். இரண்டு மாதங்களில் அச்சு நேராக வந்தது.

ஆண்டுவிழா அறிக்கையில், பிரிண்டர் இயங்காமல் கிடந்ததையும் ராத்தா டிரைவர் எழுதியதையும் பற்றி இரண்டு வாக்கியங்கள் எழுதினேன். வாசிகசாலைத் தலைவர் அந்த இடத்தில் விரலை வைத்தார்.

"மகள், பிரிண்டர் தந்தவர் மேடையில இருப்பார். அவர் தந்த சாமான் சும்மா கிடந்த எண்டு வாசிச்சா மனிசன்ட முகம் என்னத்துக்கு ஆகும்?"

அந்த இரண்டு வாக்கியங்களையும் நீக்கினேன். நீக்கிய இடத்தில் முன்பின் வாக்கியங்கள் ஒட்டாமல் பந்தி அறுந்து தெரிந்தது. "வந்த நாள் முதல் குறைவின்றி இயங்குகின்றது" என்று நானாகவே எழுதி அதை நிரப்பினேன். அந்த வாக்கியத்தைத் தலைவர் கேட்கவில்லை. விழாவில் வாசித்ததும் நான்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ராத்தா வரவில்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்தது என்பதையும் சொல்லவேண்டும்.

அடுத்த மாதம், வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வெளிநாட்டு வேலை ஒன்று ராத்தாவுக்குக் கைகூடும்போல் இருந்தது. அவருடைய டிரைவரை ஓரிடத்தில் உண்மையாகவே பயன்படுத்துகிறார்கள் என்பதற்குக் கடிதம் கேட்டிருந்தார்கள். தலைவர் நான்கு நாள் அலையவைத்தார். பிறகு, பிரிண்டர் வந்த நாள் முதல் இயங்குவதாகச் சொல்லும் அறிக்கைக்கு முரணாகக் கடிதம் தர முடியாது என்று அறிக்கையின் பிரதியொன்றைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பின் ராத்தா எங்கள் வீட்டுக்கு வந்து, அதை என் மேசையில் வைத்தார்.

"இது நீ எழுதினதா?"

"ஓம்."

கடிதத்தை நானே எழுதுகிறேன், தலைவரிடம் ஒப்பம் வாங்கித் தருகிறேன் என்றெல்லாம் சொன்னேன்.

"இண்டைக்குப் பகலோட திகதி முடிஞ்சிட்டு."

தாளின் வலப்பக்க ஓரத்தை விரலால் மெல்லத் தடவினார். அந்த அறிக்கையை வாசிகசாலைப் பிரிண்டரில்தான், அவருடைய டிரைவரைக் கொண்டுதான், நான் அச்சிட்டிருந்தேன்.

"ஓரம் வெட்டுப்படல்ல. வடிவா வந்திரிக்கி," என்றார். பிறகு எழுந்து போய்விட்டார்.

ராத்தா இப்போதும் என்னோடு கதைக்கிறார், பிள்ளைகளைப் பற்றி, நோன்பைப் பற்றி. அச்சிட்ட தாள் எதையும் என்னிடம் காட்டுவதில்லை. நான் எழுதும் பந்தி ஒன்று இடைவெளி தெரியாமல் அழகாகப் பொருந்திவிட்டால், அதிலிருந்து யாரை வெளியே தள்ளினேன் என்று தேடாமல் அந்தத் தாளிலிருந்து என்னால் கையை எடுக்க முடிவதில்லை.