வண்டி ஏறிய காலும் முதல் கழியும்

அன்று தெருவில் நான் இருந்தேன். மீன் கூடையோடு என் மனைவி இருந்தாள். அவள் தம்பி இருந்தான். நெல் மூட்டை ஏற்றிய திருப்பாலைவனத்து வண்டிக்காரன் இருந்தான். அவன் பின்னால் துணிப்பொதி வண்டிக்காரன் ஒருவன் இருந்தான்.

ஒல்லாந்தர் கோட்டை அகழியை ஒட்டிய தெருவில் ஒரு வண்டிதான் போகும். கப்பலுக்குச் சரக்கு கொண்டுபோகும் படகு கிளம்புமுன் துறைக்குப் போக வேண்டும் என்று பின்வண்டிக்காரன் முந்தப் பார்த்தான். அச்சும் அச்சும் மோதின. நெல் வண்டி சாய்ந்தது. சக்கரம் என் வலது முழங்காலுக்குக் கீழே ஏறி நின்றது.

வண்டிக்காரர்கள் இருவரும் இறங்கி வந்து அச்சைத்தான் பார்த்தார்கள்.

"எவன்டா அச்சுக்குப் பதில் சொல்றது?"

"உன் மாடு ஒதுங்கல. நான் இன்னா செய்யட்டும்?"

"டேய், ஆளு காலு கீய கெடக்குதுடா!" என்று மைத்துனன் கத்தினான். பிறகுதான் வண்டியைத் தூக்கினார்கள்.

எலும்பு கட்டுகிறவர் வந்தார். மூங்கில் பத்தை வைத்து, உளுந்து மாவும் முட்டை வெள்ளையும் தடவித் துணி சுற்றினார். "மூணு அமாவாசை தண்ணி படக்கூடாது" என்றார். மீன்காரனிடம் சொல்கிற பேச்சா அது?

அடுத்த அமாவாசை என் பாடு. ஏரியில் வலை கட்டும் இடத்துக்கு முறை உண்டு. அதைத்தான் பாடு என்போம். முகத்துவாரத்துப் பக்கம் நல்ல இடம். முறைக்காரன் தானே தண்ணீரில் இறங்கி முதல் கழியை ஊன்ற வேண்டும். மற்றதை யார் வேண்டுமானாலும் ஊன்றலாம். அவன் வராவிட்டால் இடம் அடுத்த வீட்டுக்குப் போகும். மறுபடி வர ஒரு வருஷம் ஆகும்.

ஊர்த் தலைவரான நாட்டார் என்னைப் பார்க்க வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கால் கட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான் ஊணட்டும்" என்றேன்.

"செல்லாது. நாளைக்கி ஒவ்வொருத்தனும் வயித்து வலினு மச்சானை அனுப்புவான்."

"அப்ப முறைய மாத்தி வுடுங்க."

"மாத்தினா வெட்டுக்குத்து. ஒடம்பப் பாத்துக்கோ."

ஒடம்பப் பாத்துக்கோ. வந்தவர்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள். கூடையை இறக்காமல் வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போனார்கள். சுவரைப் பார்த்துப் படுத்தேன். கட்டுக்குள் அரித்தது. விளக்குமாற்றுக் குச்சியை விட்டுச் சொறிந்தேன். குச்சி உள்ளேயே ஒடிந்தது.

மைத்துனன் ஒரு யோசனை சொன்னான். படகு ஒழுகினால் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவோம். கட்டுக்கும் பூசினால் என்ன?

"இன்னாயா இது, காலா படகா?" என்றாள் மனைவி. சொல்லிக்கொண்டே அடுப்பு மூட்டினாள்.

சூட்டோடு பூசினோம். கத்தினேன். காய்ந்ததும் கல்லாகிவிட்டது.

அமாவாசை விடியலில் என்னைத் தூக்கிப் படகில் போட்டார்கள். இடுப்பளவு தண்ணீரில் இறங்கினேன். தண்ணீரில் கால் கனக்கவில்லை. மைத்துனன் தோளைப் பிடித்துக்கொண்டு கழியைச் சேற்றில் குத்தி ஊன்றினேன். நாட்டார் கரையில் நின்று தலையாட்டினார். கட்டுக்குள் சொட்டுத் தண்ணீர் போகவில்லை.

மைத்துனன் வலையோடு ஏரியில் தங்கிவிட்டான். என்னை வீட்டில் கொண்டுவந்து போட்டார்கள். சாயங்காலம் காய்ச்சல் வந்தது. கட்டுக்குள் வெந்த தோல் நாறியது. எலும்பு கட்டுகிறவரைக் கூப்பிட்டார்கள். மறுநாள் காலையில்தான் வந்தார். கட்டை அவிழ்க்க முடியவில்லை. தச்சனிடம் உளி வாங்கிவரச் சொன்னார்.

"யாரு இத்தப் பூசினது?"

கேட்டுக்கொண்டே உளியை வைத்துத் தட்டினார். உளி விழ விழ எலும்பு நகர்ந்தது எனக்கே தெரிந்தது.

"இனிமே இப்படித்தான் நிக்கும்" என்றார். கால் இன்றைக்கும் அப்படித்தான் கோணலாக நிற்கிறது.

அவர் உளியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மைத்துனன் கூடையோடு வந்தான். என்னைப் பார்க்காமல் மீனை முற்றத்தில் கொட்டினான்.

"காத்து மாறிடுச்சு மாமா. வலையில மீனே ஏறல."

படுத்தபடியே எண்ணினேன்.

பதினொரு மடவை மீன்.