ஒரே ஊசி போதும் என்றேன்

தொண்ணூறுகளில் ராஜபாளையத்தில் நான் வெள்ளை நாய் வளர்த்தேன். என் வீட்டுக் குட்டி என்றால் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் வந்து கேட்பார்கள். அதில் எனக்குத் திமிர் உண்டு.

ஒருமுறை, ஒரு மாதம்கூட ஆகாத இரண்டு குட்டிகளுக்கு ரத்தக்கழிச்சல் ஊசி போடக் கொண்டுபோனேன். மாட்டாஸ்பத்திரி டாக்டர் ஊசியைப் போட்டுவிட்டு, "ஆச்சி, இது உயிருள்ள மருந்து, நோய்க் கிருமியவே பலம் கொறச்சுப் போடுறது. தாய்க்கு முன்னமே ஊசி போட்டிருக்கு. அதோட பால் வழியா குட்டிக்கு வந்த எதிர்ப்பு இந்த மருந்தையும் நோயின்னு நெனச்சுக் கொன்னுரும். பால் மறந்த பொறவு திரும்பக் கொண்டாங்க" என்றார்.

"ஊசி மேல ஊசி குத்த அதென்ன சாக்குப் பையா?" என்று சிரித்தேன். திரும்பப் போகவில்லை.

ஒரு குட்டியைக் கூமாப்பட்டி பேச்சியம்மாளுக்குக் கொடுத்தேன். பிள்ளை இல்லாதவள். "ஊசி போட்டாச்சு, இனி ஒண்ணும் வராது" என்று அடித்துச் சொன்னேன்.

இரண்டு மாதம் கழித்து, குட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். துண்டெல்லாம் ரத்தம். என் வாசலிலேயே அது அடங்கிவிட்டது.

"ஊசி போட்டும் ஏன் ஆச்சி போச்சு?"

"நீ என்னத்தப் போட்டயோ. வளக்கத் தெரியணும்ட்டி."

"கருவாட்டுச் சோறு போட்டேன் ஆச்சி. நாந்தான் கொன்னுட்டேன் போல."

அழுதுகொண்டே போனாள்.

மறுவாரம் என்னிடமிருந்த குட்டியும் அப்படியே ரத்தமாகக் கழிந்து செத்தது. கருவாட்டை அது கண்டதுகூட இல்லை. டாக்டர் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கூமாப்பட்டிக்குப் பஸ் இருந்தது. நான் போகவில்லை. பேச்சியம்மாள் அதன்பிறகு எதையும் வளர்க்கவில்லை என்று கேள்விப்பட்டேன். என் தப்பை அவள் தலையில் ஏற்றி அனுப்பியதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.