நாலு மணி ஜீப்

கோடையில் ஞாயிற்றுக்கிழமைகளில் சத்தியமங்கலம் காட்டுக்குள் ஒரு வாட்ச் டவரில் ஏறி உட்கார்ந்து, எங்கேயாவது புகை கிளம்புகிறதா என்று பார்ப்பது என் வேலை. சம்பளம் கிடையாது. தன்னார்வலர் என்று ஒரு தொப்பி கொடுத்திருக்கிறார்கள். சரவணம்பட்டியில் என் அலுவலகத்தில் இதைச் சொன்னால் எல்லாரும் ஒரே மாதிரி கேட்பார்கள்: "செம அமைதியா இருக்குமில்ல?" அமைதியாவது மண்ணாங்கட்டியாவது. தகரக் கூரை நாள் முழுக்கப் படபடவென்று அடித்துக்கொள்ளும். ஏணியில் குளவி கூடு கட்டியிருக்கும். குடிக்கிற தண்ணீர் உச்சிக்கு முன்பே வெந்நீராகிவிடும். வாரமெல்லாம் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துச் சலித்த கண்களுக்கு ஓய்வு கொடுப்பதாக நினைத்துத்தான் முதலில் சேர்ந்தேன். ஞாயிறெல்லாம் மலையைப் பார்த்துச் சலித்த கண்களோடு திங்கட்கிழமை திரைக்கு முன்னால் போய் உட்காருவதுதான் மிச்சம்.

பிறகு ஏன் போகிறாய் என்று என் கணவர் கேட்பார். வீம்புக்குத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பித்ததைப் பாதியில் விட்டால், "அப்பவே சொன்னேனே" என்பார். அதைக் கேட்பதற்கு இந்தக் குளவிகளே பரவாயில்லை.

நான் சொல்ல வந்த ஞாயிற்றுக்கிழமை, பங்குனி வெயில் உச்சத்தில் இருந்த சமயம். விடிவதற்குள் சத்தி ரோட்டில் பஸ் பிடித்துச் சத்தியமங்கலத்தில் இறங்கி, அங்கிருந்து தண்ணீர் கேன்களோடும் அரிசி மூட்டையோடும் வனத்துறை ஜீப்பில் மேலே போனேன். காலையில் கொண்டுவந்து விடும் அந்த ஜீப், சாயங்காலம் நாலு மணிக்குத் திரும்ப வந்து என்னைக் கீழே இறக்கிவிடும். அந்த நாலு மணிக்காகத்தான் நான் காலையிலிருந்தே உயிர் வாழ்வது.

டவருக்கு அடியில் நிழலில் நான்கு பேர் சாக்கு விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். தீத்தடுப்புக் காவலர்கள். கோடை முடியும்வரை தினக்கூலிக்கு எடுக்கப்படுகிறவர்கள். மூன்று நாளாகக் கிழக்குச் சரிவில் தீயோடு மல்லுக்கட்டிவிட்டு அன்று விடியற்காலையில்தான் வந்து விழுந்திருந்தார்கள். முகமெல்லாம் கரி. ஒருவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் தூங்கினார். ஐந்தாவது ஆள், அவர்களுக்குத் தலைவர் மாதிரி இருந்தவர், மட்டும் விழித்திருந்தார். நாற்பது வயதிருக்கும். கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன.

"ஏனுங் மேடம், கடுங்காப்பி குடிக்கறீங்களா? பால் கெடையாதுங்க."

குடித்தேன். அவர் ஒரு ஜவுளிக்கடைப் பையை என்னிடம் நீட்டினார். அதன்மேல் இன்னொரு பிளாஸ்டிக் பையைச் சுற்றி, வாயை இறுக்கிக் கட்டியிருந்தார்.

"இத மேல ரூமுக்குள்ள வெச்சுக்கறீங்களா? இங்க வெச்சா பொகை வாசம் ஏறிப்போயிருமுங்க. பட்டுப் பாவாடைங்க."

அவருடைய தங்கை மகளுக்கு அன்று மாலை தெரட்டிச் சீர். பெண் வயதுக்கு வந்ததற்குச் செய்கிற சீர். தாய்மாமன் மாலை போட்டு, தான் கொண்டுபோன துணியைக் கொடுத்து உட்கார வைத்தால்தான் மற்றதெல்லாம் நடக்கும். ஊர் மலையடிவாரத்தில்தான். நாலு மணி ஜீப்பில் என்னோடு அவரும் இறங்குவதாக ரேஞ்ச் ஆபீசில் சொல்லி வைத்திருந்தார். அந்தப் பெண்ணுக்குத் தாய்மாமன் என்று இவர் ஒருவர்தான்.

"தூங்குங்களேன், நேரமாகலையே" என்றேன்.

"தூக்கம் வரலீங்க" என்றார். பிறகு நான் கேட்காமலே சொன்னார். "கெணத்துத் தண்ணி பங்குல மச்சானுக்கும் எனக்கும் தகராறுங்க. அஞ்சாறு வருசமாப் பேச்சுவார்த்தை இல்லீங்க. தங்கச்சி மொகத்தையே சந்தையில எங்காச்சும் பாத்தாத்தானுங்க உண்டு. இப்ப அவரே ஊடு தேடி வந்து கூப்புட்டுப்போட்டாருங்க. நான் போகலைன்னா, வேணும்னே வரலைன்னு ஆயிப்போயிருமுங்க. அப்பறம் அந்த ஊட்டு வாசப்படிய மிதிக்க முடியாதுங்க."

நான் பையை வாங்கிக்கொண்டு ஏணி ஏறினேன். மேலே உள்ள சின்ன அறையில் ஆணியில் மாட்டினேன். கொஞ்ச நேரத்தில் கீழே எட்டிப் பார்த்தபோது அவரும் சாய்ந்து தூங்கியிருந்தார்.

டவர் வேலையில் பார்ப்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. இடமிருந்து வலமாக ஒருமுறை, வலமிருந்து இடமாக ஒருமுறை. அப்புறம் பைனாகுலரை எடுத்துச் சந்தேகமான இடத்தை மட்டும். சமவெளிப் பக்கம் எப்போதும் ஏதாவது புகைந்துகொண்டுதான் இருக்கும். வெல்லம் காய்ச்சும் ஆலை, செங்கல் சூளை, கரும்புச் சோகைக்கு யாரோ வைத்த நெருப்பு. அதெல்லாம் நம் கணக்கில் வராது. காட்டுப் பக்கம் கிளம்புவதுதான் கணக்கு. அதிலும் பாதி புழுதியாக இருக்கும். பட்டி மாடுகள் நடந்தால் புழுதி, யானை மண்ணை வாரிப் போட்டுக்கொண்டால் புழுதி. புழுதி கொஞ்ச நேரத்தில் படிந்துவிடும். புகை படியாது. எனக்குக் கற்றுக்கொடுத்த வித்தை மொத்தமும் இவ்வளவுதான்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொக்கியது. எழுந்து நின்றேன். நின்றபடியே சொக்கியது. முகத்தில் வெந்நீரை அடித்துக்கொண்டேன். இன்னும் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம், ஜீப் வந்துவிடும், வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுப் படுக்க வேண்டும் என்று எனக்கு நானே தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தபோதுதான் வடக்குச் சரிவில் அது தெரிந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு கறை. கை அகலம்கூட இல்லை.

புழுதி, என்று சத்தமாகவே சொன்னேன்.

பைனாகுலரில் பார்த்தேன். படியட்டும் என்று காத்திருந்தேன். மாடுகளாக இருக்கட்டும், யானையாக இருக்கட்டும், என் கண்ணில் தூசி விழுந்திருந்தால்கூடச் சரி. வேண்டாத தெய்வம் இல்லை. கீழே அந்த ஐந்து பேரும் அசையாமல் கிடந்தார்கள். உலகத்தில் எத்தனையோ மலை இருக்க, இந்த மலையில், எத்தனையோ நேரம் இருக்க, இந்த நேரத்தில்தானா என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கறை படியவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து, அடியில் கொஞ்சம் மஞ்சளித்தது.

வாக்கிடாக்கியில் ரேஞ்ச் ஆபீசைக் கூப்பிட்டேன். மற்ற ஆட்களெல்லாம் வேறொரு தீக்குப் போயிருப்பதாகவும், டவருக்கு அடியில் இருக்கிறவர்களை உடனே எழுப்பச் சொல்லியும் பதில் வந்தது. ஏணியில் பாதி இறங்கி, "ஏனுங்க, ஏனுங்க" என்று கத்தினேன். யாரும் அசையவில்லை. கடைசிவரை இறங்கிப் போய், அவர் தோளைத் தொட்டு எழுப்பினேன். அவர் என் முகத்தைப் பார்த்ததும் கேட்டது, "ஜீப்பு வந்துருச்சுங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன். வடக்குச் சரிவைக் கை காட்டினேன்.

அவரே மேலே ஏறிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்க்கவில்லை. "பொகைதானுங்க" என்றார்.

"நீங்க ஜீப்பில போங்க. நாலு பேர் போகட்டும்."

"அஞ்சு பேருக்கே இது ஜாஸ்திங்க. காத்து மேட்டுப் பக்கமா அடிக்குது. அவிங்கள மட்டும் அனுப்பிச்சுப்போட்டு, நான் போயிப் பந்தியில உக்காந்தா சோறு எறங்குமுங்களா?"

அவர் ஆணியில் மாட்டியிருந்த பையை ஒருமுறை பார்த்தார். "அத மட்டும் தங்கச்சி கையில குடுத்துப்போடுங்க மேடம். அண்ணன் வாரேன்னு சொன்னாருன்னு சொல்லுங்க." எப்போது வருவார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மற்றவர்கள் முனகிக்கொண்டே எழுந்து, பச்சைத் தழைகளை வெட்டி எடுத்துக்கொண்டார்கள். தீயை அடித்து அணைக்க அதுதான் ஆயுதம். ஐந்து பேரும் முள் அடர்ந்த உன்னிப் புதருக்குள் இறங்கி மறைந்தார்கள். அவர்கள் போகும் திசை தவறாமல் இருக்க நான் மேலேயிருந்து வாக்கிடாக்கியில் சொல்லிக்கொண்டே இருந்தேன். "இன்னும் எடது பக்கமுங்க. அந்தப் பாறையத் தாண்டிப் போங்க." சொல்லச் சொல்லப் புகை கருத்துப் பெருத்துக்கொண்டே போனது. நாலு மணிக்கு ஜீப் வந்தபோது, அதில் வந்த ஃபாரஸ்ட் கார்டு என் இடத்தில் ஏறிக்கொண்டார். பையை மடியில் வைத்துக்கொண்டு நான் இறங்கினேன்.

டிரைவர் அந்த வீட்டு வாசலிலேயே நிறுத்தினார். பந்தல் போட்டிருந்தார்கள். கூம்பு ஸ்பீக்கர் கட்டிய குழல் ரேடியோ அலறிக்கொண்டிருந்தது. மச்சான் என்பவர் வெள்ளை வேட்டி சட்டையில் வேகமாக வந்தார். "வாங்க வாங்க" என்று என்னைக் கும்பிட்டுவிட்டு, ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தார். பின்சீட்டில் காலித் தண்ணீர் கேன்கள்தான் இருந்தன.

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் நிமிர்ந்து மலையைப் பார்த்தார். இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் வானம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது.

"மலை சுத்தமா இருக்குதுங்களே."

"தீ அந்தப் பக்கச் சரிவிலங்க. இங்கிருந்து தெரியாதுங்க."

"அப்படீங்களா." அவ்வளவுதான். ஒரு சுடுசொல் இல்லை. "ரொம்ப தூரம் வந்துட்டீங்க. சாப்புட்டுத்தான் போகோணும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். தோற்றுப்போன மனிதரின் நடையாக இருந்தது அது. வீடு தேடிப் போய்க் கூப்பிட்டதற்கு ஊர் முன்னால் கிடைத்த மரியாதை இதுதானா என்று அவர் நினைப்பது தெரிந்தது. அப்படி இல்லை என்று நிரூபிக்க என்னிடம் ஒரு பையைத் தவிர வேறெதுவும் இல்லை.

தங்கை என்னைச் சமையலறைக்குள் இழுத்துப் போனார். அண்ணனின் அதே நெற்றி. பையை வாங்கிக்கொள்ளாமல் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"நெருப்புப் பெருசுங்களா?"

"பெருசுதானுங்க."

"அண்ணனுக்கு ஒண்ணும் ஆயிராதில்லீங்க?"

"ஆகாதுங்க" என்றேன். அப்போது எனக்கு அது தெரியாது. மறுநாள் விடியும்போதுதான் தீயை அணைத்தார்கள் என்றும், அவர் முழுசாகத்தான் இறங்கி வந்தார் என்றும் பிறகு டிரைவர் போனில் சொன்னார்.

"நீங்கதான் டவர்ல இருந்தீங்களாக்கா?"

"ஆமாங்க."

வெளியே யாரோ, நல்ல நேரம் முடியப் போகிறது என்று சத்தம் போட்டார்கள். அவர் என் பக்கத்தில் வந்து, வேறு யாருக்கும் கேட்காத குரலில், அதே மரியாதையோடு கேட்டார்.

"ஏனுங்கக்கா, இன்னிக்கொரு நாளைக்கு நீங்க அந்தப் பக்கம் பாக்காம இருந்திருக்கக் கூடாதுங்களா?"

காட்டைப் பற்றி, காற்றைப் பற்றி, அந்த நாலு பேரைப் பற்றி எவ்வளவோ சொல்லியிருக்கலாம். பயிற்சியில் எங்களுக்கு அதெல்லாம் மணிக்கணக்கில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அழுகை வந்தது. இந்த வீட்டில் அழ எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று அதையும் விழுங்கிக்கொண்டேன்.

"பாத்துப்போட்டேனுங்க" என்றேன்.

அவர் தலையாட்டினார். பையை வாங்கி, முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தபடி மகள் இருந்த அறைக்குள் போனார். வெளியே ரேடியோவை நிறுத்திவிட்டு, தாய்மாமன் முறைக்கு மாலை போட யாரையாவது கூப்பிடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.