குளிர்ந்திருந்த பெட்டி

எந்தக் கணினியைத் தொடுவதற்கு முன்பும் அப்பா அதன் பின்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல. குளிர்ந்திருந்தால் ஒரு தட்டுத் தட்டி, "நல்ல பிள்ளை" என்பார். தனியார் மருத்துவமனை ஒன்றில் பதினெட்டு வருடம் கணினி பழுது பார்த்தார். பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. எல்லாம் கைப்பழக்கம்.

பதிவு அறையின் பழைய மென்பொருள், நான்கு கோர், அதாவது சேர்ந்து வேலை செய்யும் நான்கு மூளைகள், கொண்ட புதுக் கணினியில் அடிக்கடி நின்றுபோனது. மற்ற மூன்றையும் பூட்டி, கணினி முழுவதும் ஒரு கோரை மட்டும் பயன்படுத்தும்படி அப்பா அமைப்பை மாற்றினார். மென்பொருள் ஓடியது. பெட்டியும் சூடாகவில்லை.

இரண்டு வருடம் கழித்து, நான்கு கோர்களிலும் வேலை வாங்கும் மென்பொருள் வந்தது. அப்பா போட்ட பூட்டு அப்படியே இருந்தது. பதிவு அறையில் அந்தக் கணினியில் வேலை பார்த்த அக்காவுக்குத் திரை நகரவில்லை. வரிசையில் நின்றவர்கள் கத்தினார்கள்.

"என்னம்மா, ஒவ்வொரு எழுத்தா செதுக்குறியா?"

"அண்ணே, இன்னொரு தடவை நல்லா பாருங்கண்ணே" என்று அவள் அப்பாவிடம் கெஞ்சினாள். அப்பா கை வைத்துப் பார்த்துவிட்டு மேலாளரிடம் சொன்னார்: "பெட்டி ஐஸ் மாதிரி இருக்கு சார். அதுல ஒண்ணுமில்ல."

அந்த மாதமே அவளை நீக்கினார்கள். கடிதத்தில், 'வேலையில் மந்தம்.' அடுத்து வந்தவளுக்குப் புதுக் கணினி. பழையதை அப்பா எனக்காகக் கேட்டு வாங்கி வந்தார். நான் அப்போது கணினி அறிவியல் கடைசி வருடம். திறந்த அன்றே பூட்டைப் பார்த்துவிட்டேன்.

"நாலு பேர் இருக்கற வீட்ல மூணு பேரை உள்ள வச்சுப் பூட்டியிருக்கீங்கப்பா. குளிராம என்ன செய்யும்?"

"படிச்ச திமிரு" என்றார். வெகுநேரம் கழித்து, "நாளைக்கே மேனேஜர்கிட்ட சொல்லிடறேன்" என்றார்.

மறுநாள் மேலாளருக்கு மூடு சரியில்லையாம். அதற்கடுத்த வாரம் தணிக்கையாம். நானும் கேட்பதை விட்டேன். அவர் வேலை போனால் என் படிப்பும் போகும் என்று எனக்குத் தெரியும். அது பயமா, கணக்குப் போட்ட சுயநலமா என்று இன்றுவரை பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அப்பா இறந்த அன்று அந்தப் பதிவு அறை அக்கா வந்தாள். அந்தக் கடிதத்துக்குப் பிறகு எங்கேயும் வேலை கிடைக்கவில்லை என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "கூப்பிட்டப்பல்லாம் வந்து பாத்தது அண்ணன் ஒருத்தர்தான்மா" என்று அழுதாள்.

தலையாட்டினேன். 'தப்பு பெட்டியில்தான்' என்று அப்பா சொல்லியிருக்க வேண்டியதை அவளுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.